ஆரஞ்சுச் சுளை

குடிநீர் நிலைய அதிகாரி ஆரஞ்சு உரிக்கிறார். மேசைக் கண்ணாடியில் பட்ட வெயில் கூரையில் நடுங்குகிறது. ஒவ்வொரு சுளையிலும் ஒட்டிய நாரைக்கூட விடாமல் கிள்ளுகிறார், பிள்ளைக்கு ஊட்டப்போகிறவரைப் போல அத்தனை கவனம். வாசலில் கணினி அறைப் பெண் ஒரு தாளோடு நிற்கிறாள். வெளியிலிருந்து யாரோ கணினிக்குள் புகுந்து தண்ணீரில் குளோரினை ஏற்றிக்கொண்டே போகிறார்கள் என்று அதில் அச்சாகியிருக்கிறது. "சார், இதக் கொஞ்சம்..." "உள்ள வராதம்மா. எனக்குத் தெரிஞ்ச நிமிஷத்துலேருந்து ஆறு மணி நேரத்துல அரசாங்கத்துக்குச் சொல்லியாகணும்னு சட்டம். சொன்னா நாளைக்கே விசாரணைன்னு வந்து உக்காந்துக்குவான். எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது." கீழே மோட்டார்கள் ஊருக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன, அவற்றின் அதிர்வில் தட்டிலிருக்கும் விதைகள் மெல்ல நகர்கின்றன. "மோட்டார நிறுத்த உங்க கையெழுத்து வேணும் சார். என் பொண்ணு ஸ்கூல்லயும் இந்தத் தண்ணிதான்." அவள் வாசலிலிருந்தே தாளை அவர் பக்கம் நீட்டுகிறாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் போடுகிறார். "குழாய்த் தண்ணிய யாரும் வாயில வைக்காதீங்க. கேன் வாங்கிக்கோ. ஏன்னு என்னைக் கேட்டா? எனக்கென்ன தெரியும்."