மெம்பர் கொடுத்த வேர்க்கட்டு

"முந்தியெல்லாம் ஓட்டுக் கேக்க வர்றவன் வெயில்ல நடந்து வருவான். இப்ப மோட்டார்ல வந்து, இறங்கறதுக்கு முன்னாடியே கும்பிடறான். கும்பிடறவனை எப்படிய்யா நம்பறது?"

தாவூத் பாய் சத்தமாகவே சொன்னார். ஃபிஜித் தீவின் சபேட்டோ ஆற்றங்கரை மாமரத்தடியில் கூடியிருந்த கரும்புக்காரர்கள் சிரித்தார்கள். மோட்டாரிலிருந்து இறங்கிய கவுன்சில் மெம்பர் கோவிந்தசாமியும் சேர்ந்து சிரித்தார். மூன்று தடவை ஜெயித்தவர். இது நாலாவது தேர்தல்.

"கோபம் வேண்டாம் பாய். உங்க குறை என்ன?"

"இந்த ஆத்துக்குப் பாலம். ஒம்பது வருஷம் முந்தி வந்து கேட்டேன். 'ஆகட்டும்'னீங்க. போன வெள்ளத்துல என் வீட்டுக்காரி ஹலீமா ஜனாஸாவை அடக்கம் பண்ணக் கழுத்தளவு தண்ணியில தூக்கிட்டுப் போனோம்."

மெம்பர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"பாலத்தைப் பத்திக் கவுன்சில்ல பேச எழுந்தேன் பாய். அதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சுட்டாங்க."

"ஒம்பது வருஷமாவா சாப்பிட்டீங்க?"

மெம்பர் அவசரமாக மோட்டாரிலிருந்து இடித்துக் கரைத்துக் குடித்தால் நாக்கு மரத்துப்போகும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். வேரை வாங்கிக்கொண்டால் கேட்டதைச் செய்தாக வேண்டும். பூர்வகுடி ஃபிஜிக்காரர்களிடம் கற்ற வழக்கம், யாரும் மீறுவதில்லை.

"கண்டாவுத் தீவு வேரு, பாய், ஒசத்தி சரக்கு. உங்க ஓட்டு எனக்குத்தான், சரியா?"

தாவூத் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றியிருந்த பச்சைத் துணியை மெதுவாக அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேரைக் கடைக்காரர் சாதிக்கிடம் கொடுத்தார்.

"ஆகட்டும்" என்றார்.

சாதிக் வேரை இடித்து, தண்ணீரில் கரைத்து, முதல் சிரட்டையை மெம்பருக்குக் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மெம்பர் வழக்கப்படி கையைத் தட்டினார்.

"அடடா! என்னா சரக்கு! நாக்கே மரத்துப் போச்சு!"

"எனக்கு உதடும் மரத்துப் போச்சு" என்றார் சாதிக்.

சிரட்டை கைமாறிக்கொண்டே போனது. ஆளாளுக்குத் தலையை ஆட்டி மெச்சினார்கள்.

"நீங்க குடிக்கலையா பாய்?" என்றார் மெம்பர்.

"வேணாம்."

தாவூத் பாய் எழுந்து கைலியை மடித்துக் கட்டினார்.

"பாலம் கேட்டு அன்னிக்கு நான் உங்ககிட்ட கொடுத்த கட்டுதான் இது. முடிச்சைக்கூட நீங்க அவிழ்க்கலை. ஹலீமா தன் முக்காட்டைக் கிழிச்சுப் போட்ட முடிச்சு. 'இந்த ஆளு மேல நம்பிக்கை வரலைங்க, நல்ல வேரு பாலம் வந்தப்புறம் கொடுக்கலாம்'னு, எங்க வேலிச் செம்பருத்தி வேரைத்தான் உள்ள வச்சுக் கட்டினா."

குடித்துக்கொண்டிருந்தவர் சிரட்டையை அப்படியே கீழே வைத்தார். எல்லோரும் மெம்பரைப் பார்த்தார்கள்.

"ஆனாலும் பாய், நாக்கு மரத்துத்தான் இருக்கு!" என்றார் மெம்பர்.

"அதையும் நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தாவூத் பாய் ஆற்றில் இறங்கி அக்கரைக்கு நடந்தார்.