நீலப் பொம்மை நின்ற இடம்

எட்டிப் பார்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. துணிக்கொடியை எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கட்டித் தொலைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிற்பகல் வெயில் விழுந்து அங்கே டிவி பாதி வெளுத்திருக்கிறது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் கதவைத் திறந்துவிடும் மெக்கானிக், ஒரு வீடியோ கேம் கதவின் முன்னால் தாடியோடு உட்கார்ந்திருக்கிறார். அதில் நீலப் பொம்மை ஒரு பலகைமேல் நின்றால்தான் கதவு திறந்திருக்கும், சிவப்புப் பொம்மை உள்ளே போகலாம். சிவப்பு அவருடையது. நீலம் மனைவியுடையது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அதைப் பலகையில் நிறுத்திவிட்டு, "நான் வர்ற வரைக்கும் நீங்க மட்டும் உள்ள போயிடாதீங்க" என்று அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. உடல்தான் வந்தது. அந்தக் கேம் பெட்டி பழையது, அணைத்தால் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. அதனால் பதினொரு நாளாக அவர் அணைக்கவில்லை; அதன் இரண்டு வரிப் பாட்டு என் மண்டையையும் குடைகிறது. சாப்பாட்டுத் தட்டோடு வந்த அவர் தங்கை அதைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அண்ணியின் ஜாய்ஸ்டிக்கை எடுக்கிறாள். நல்ல மனசுதான், பொறுமைதான் கொஞ்சம் குறைச்சல். "தனியா ஆட முடியலன்னா நான் வரேன்ணே. இதுல எதை அமுக்கணும்?" கேட்கும்போதே அமுக்கியும் விடுகிறாள். நீலப் பொம்மை உற்சாகமாக ஒரு குதி குதித்துப் பலகையை விட்டு இறங்குகிறது. கதவு மூடிக்கொள்கிறது. "இருண்ணே, மறுபடி ஏத்திடறேன்." "வேணாம்மா. அது அவ நிறுத்துனது." கையை நீட்டிப் பெட்டியை அணைக்கிறார். பதினொரு நாளாக நான் கேட்ட அமைதி வந்துவிட்டது. என் கையிலிருக்கும் ஈரச் சட்டை சொட்டுவது எனக்கே கேட்கிறது.