கடைசி வில்லை

2023 ஜூன் 18, காலை ஒன்பது மணிக்கு, சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலின் ஏழாம் தளத்திலிருந்து வாசுகி என்பவர் வங்கக் கடலில் விழுந்தார். கப்பல் திரும்பி வந்து தேடியது. பயணிகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிடாதபடி, கேளிக்கைப் பொறுப்பாளர் ஜெசிந்தா அவர்களை அரங்கில் உட்காரவைத்து, பையிலிருந்து எண் வில்லைகளை எடுத்துக் கூப்பிட, சீட்டில் அந்த எண்களை அடிக்கும் தம்போலாவை ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக நடத்தினாள். முன்வரிசையில், கையில் சீட்டு இல்லாமல், வாசுகியின் கணவர் செல்லத்துரை இருந்தார்.

“ஐயா, நான் நம்பர் கூப்பிடுற வரைக்கும் தேடுறாங்கன்னு வச்சுக்கங்க” என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

மாலை ஐந்தரைக்குக் கேப்டனின் குறிப்பு வந்தது: தேடல் நிறுத்தப்பட்டது, அரங்கைத் திறந்துவிடவும். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். அந்த ஆட்டத்தின் கடைசிப் பரிசும் போன பிறகும் நிறுத்தவில்லை.

“மேடம், பரிசெல்லாம் குடுத்தாச்சு. இன்னும் யாருக்கு, கடல்ல இருக்கிற மீனுக்கா?” என்று ஒரு பயணி கேட்க, பின்வரிசையில் சிரித்தார்கள்.

செல்லத்துரை ஒவ்வோர் எண்ணுக்கும் தலையசைத்தார். பையில் ஒரே ஒரு எண் வில்லை மிச்சமிருந்தது. அதையும் எடுத்து வாசித்தாள்: நாற்பத்தொன்று. அவர் அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தார்.

எட்டு மணிக்கு மேல்தளத்தில் நடனம் நடந்தது.