நான்காம் படி

மாஸ்டர் சுத்தியலால் மேசையைத் தட்டினார்.

"நாலாவது படி இன்னும் ஆகாதவங்க எந்திரிச்சு வெளிய போகலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

அவனும் எழுந்திருக்கவில்லை. ரகசியச் சடங்குகள் கொண்ட ஃப்ரீமேசன் சங்கத்தில் மூன்று படிதான் உண்டு. அவனுக்கு மூன்றும் ஆகியிருந்தது.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

வெளியே போவது அவனுக்குப் புதிதல்ல. முதல் படியில் இருப்பவன் எந்த ஊர் லாட்ஜுக்கு, அதாவது சங்கக் கிளைக்கு, விருந்தாளியாகப் போனாலும், அடுத்த படியின் சடங்கு தொடங்கியதும் அனுப்பிவிடுவார்கள். திருப்பூரில் அனுப்பினார்கள். சேலத்தில் அனுப்பினார்கள். ஈரோட்டில், மழை பெய்கிறதே என்று குடை கொடுத்து அனுப்பினார்கள்.

மூடிய கதவுக்கு வெளியே சங்கத்து பிரதர் ஒருவர் உருவிய வாளோடு காவல் நிற்பார். அவருக்குத் துணையாக அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். சமையற்கட்டிலிருந்து வரும் பிரியாணி வாசனையை வைத்து, உள்ளே முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவான்.

போன மாதம் மூன்றாம் படி ஆனது. அதில் செத்தவனைப் போலத் தரையில் படுக்க வேண்டும். துணி போர்த்துவார்கள். பிறகு ஒருவர் வந்து மணிக்கட்டை ஒரு தனிப் பிடியாகப் பிடித்துத் தூக்கி நிறுத்துவார்.

அவன் நன்றாகவே செத்தான் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

தூக்கி நிறுத்தியவர் மருதாசலம். கோயமுத்தூரில் மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவனைச் சங்கத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

"இனி உங்கள எவனும் வெளிய போன்னு சொல்ல முடியாதுங்க தம்பி. வாங்க, குன்னூர் லாட்ஜுல போயி கால் மேல கால் போட்டு உக்காருவோம்" என்று தன் காரிலேயே கூட்டி வந்தார்.

கிளம்பும்போது அவர் மனைவி அம்சவேணி, மாத்திரை டப்பாவை அவன் கோட்டுப் பையில் போட்டார்.

"இவரு மறந்துருவாருங்க. நீங்க குடுத்து, பத்தரமா கூட்டியாந்து உட்டுருங்க."

"ஆகட்டுங்க்கா" என்றிருந்தான்.

மலையேறும் வழியில், பர்லியாறில் மருதாசலம் காரை ஓரங்கட்டினார். இடது தோள் இறுக்குகிறது என்றார். அவன் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்துவிட்டார். கண் மூடியிருந்தது. தூங்குகிறவரை எழுப்புவானேன் என்று மாத்திரையைப் பிறகு கொடுக்கலாமென விட்டான்.

டீ ஆறியது. ஏடு கட்டியது.

பிறகு, "கெளம்பலாமுங்க" என்றார்.

சீட்டை அவர் நிமிர்த்தவில்லை. படுத்த வாக்கிலேயே ஓட்டினார். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்கவில்லை. எதிரே வந்த லாரிகள் ஒதுங்கவில்லை, இடிக்கவும் இல்லை.

மலைப்பாதை அவருக்கு அத்துப்படி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

குன்னூர் வாசலில் மருதாசலத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டார்கள். அவனை மட்டும் நிறுத்தினார்கள். புது விருந்தாளியைக் கை குலுக்கிப் பார்த்துச் சோதிப்பது எல்லா லாட்ஜிலும் உள்ளதுதான். இங்கே நெடுநேரம் பிடித்துப் பார்த்தார்கள்.

"சூடா இருக்குதே" என்றார் ஒருவர்.

"கூட வந்தவருக்காகப் பாக்கலாம். விடுங்க" என்றார் மற்றவர்.

உள்ளே மெழுகுவத்தி வெளிச்சம். கோட்டுகளில் பாச்சை உருண்டை வாசனை. பேசுகிறவர்கள் வாயிலிருந்து குளிருக்குப் புகை வரவில்லை. அவன் மூச்சு மட்டும் புகைந்தது. மலைக்காரர்கள், பழகியிருப்பார்கள்.

முதல் படி திறந்தார்கள். இரண்டாவது திறந்தார்கள். மூன்றாவது. அவனை யாரும் போகச் சொல்லவில்லை.

கால் மேல் கால் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் மாஸ்டர் மறுபடியும் தட்டி, நாலாவது படி என்றார்.

எல்லோரும் பார்க்கப் பார்க்க, அவன் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினான். சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்துதானே எழ வேண்டும்.

மருதாசலம் சடங்குக்காக இடுப்பில் கட்டி மடியில் கிடந்த ஏப்ரனை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"போங்க தம்பி. உங்களுக்கு இன்னும் ஆகலீங்க."

"உங்களுக்கு?"

"வர்ற வழியில ஆயிருச்சுங்க" என்றார், புரமோஷன் கிடைத்தவரின் கூச்சத்தோடு.

அவன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான். தன்னை எப்படிப் பிடித்துத் தூக்கினாரோ, அதே பிடி. விரல்களைச் சரியாக வைத்தான். காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தான்.

நாற்காலிகூட அசையவில்லை.

"நல்லாத்தான் பிடிக்கறீங்க" என்றார் மருதாசலம். "அந்தப் பிடி மூணாம் படி வரைக்குந்தானுங்க."

"அக்காகிட்ட நான் என்னங்க சொல்றது?"

மாஸ்டர் இன்னொரு தடவை தட்டினார். கோபமில்லை. அவனுக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கதவு அவன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

வெளியே வாளோடு ஒருவர். பக்கத்தில் காலி நாற்காலி. பழக்கதோஷத்தில் உட்கார்ந்தான். பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துப் பார்த்தான்.

சமையற்கட்டுப் பக்கமிருந்து எந்த வாசனையும் வரவில்லை.

காவல்காரர் வாளை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சாவி வண்டியிலயே இருக்குதுங்களாம். சீட்டை மட்டும் நிமுத்திக்கச் சொன்னாருங்க."

அவன் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. கூடவே மாத்திரைகளும் குலுங்கின.