துப்பாக்கி இல்லாத விமானம்

லூர்துநாதன் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்த ஸ்பிட்ஃபயர் போர்விமானங்கள் கூடத்தின் கூரையிலிருந்து தூண்டில் நரம்பில் தொங்கின. தூசி தட்ட வந்த அம்சவேணி, "இதுல எது சார் உங்களுக்கு ரொம்பப் புடிச்சது?" என்றாள்.

இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவர், வெளிறிய ரோஜா நிறத்தில் ஓரமாகத் தொங்கிய ஒன்றைக் காட்டினார்.

"இதுல துப்பாக்கியே கிடையாதும்மா. கேமரா மட்டுந்தான். எதிரி ஊருக்கு மேல தனியாப் போயி படம் புடிச்சிட்டு வந்துரணும்."

"யாராச்சும் சுட்டா?"

"சண்டை போடக் கூடாது. திரும்பிடணும்."

"அய்யோ பாவம்" என்று அவள் அதை மட்டும் பதமாகத் துடைத்தாள்.

சாயங்காலம் அவர் வழக்கம்போல் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். அவரோடு பேச்சுவார்த்தை நின்றுபோன மகளின் வீட்டெதிரே பஸ் நின்றது. அவர் இறங்கவில்லை. செல்போனை ஜன்னல் கம்பியோடு ஒட்டிவைத்து மாடியைப் படம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அதைப் பெரிதாக்கி, போன வருடத்துப் படத்தோடு சேர்த்துப் பார்த்தார். கொடியில் காய்ந்த பேரனின் பள்ளிச் சட்டை ஒரு சைஸ் பெரிதாகியிருந்தது.