அம்புக்கு அந்தப் பக்கம்

"உனக்குக் கார் ஓட்ட வருமா?" என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கு அமலன் கேட்டான்.

"உப்பளத்து வரப்புல எங்கப்பா லாரியையே ரிவர்ஸ் எடுப்பேன்" என்றாள் ஜெசிந்தா.

"அப்ப ஜப்பான்ல நீதான் எனக்கு டிரைவர்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நம்பித் தூத்துக்குடியிலிருந்து வந்தவளிடம் அவன் ஒருநாளும் வண்டியைத் தரவில்லை. "பனி ரோடு, உனக்குப் பழக்கமில்ல" என்பான். ஜப்பானில் வாங்கிய லைசென்ஸ் கைப்பையிலேயே கிடந்தது. ஒவ்வொரு பயணத்திலும் கேட்க வாயெடுப்பாள். அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவாள்.

ஹொக்கைடோ தீவின் வடகோடிக் கடற்கரைச் சாலையில், கம்பங்களிலிருந்து சிவப்பு அம்புகள் கீழ்நோக்கித் தொங்கின. "பனி மூடினாலும் பயமில்ல, அம்புக்கு நேர் கீழ போனாப் போதும்" என்றான் அமலன். பின்சீட்டில் மகள் ஒவ்வோர் அம்புக்கும் கை தட்டிக்கொண்டு வந்தாள்.

திடீரென்று பனிக்காற்று வீசி எல்லாம் வெள்ளையானது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

காற்று ஓய்ந்ததும், "அம்மா, அம்பு ஏன் அந்தப் பக்கம் போயிடுச்சு?" என்றாள் மகள்.

அம்புகள் காட்டியது சாலையின் விளிம்பை என்று அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. அவள் ஜன்னலுக்குக் கீழே முன்சக்கரம் அந்தரத்தில் நின்றது. அதற்கும் கீழே, பனிப்பாளங்கள் மோதிக்கொள்ளும் கடல்.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி விறைத்திருந்த அமலனின் விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"பிள்ளையக் கூட்டிட்டு உங்க பக்கமா மெதுவா இறங்குங்க" என்றாள். "வண்டிய என்கிட்ட குடுங்க."