எந்தக் கம்பெனி வண்டி?

சித்தப்பா விட்டுப்போன பழைய பிக்கப் வண்டியைப் பிலோமினா கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினாள். அதில் பெயரோ அடையாளமோ எதுவும் இல்லை.

“என்ன வண்டின்னே தெரியாம எப்படிக்கா ஸ்பேர் வாங்குவ? இரும்புக்கடையில போட்டுடு,” என்றான் தம்பி யேசுராஜ்.

அதைக் கேட்டதிலிருந்து வண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. “நான் பட்டாளத்து வண்டியாத்தான் இருக்கணும்,” என்று கூரைமேல் இருந்த அணிலிடம் புலம்பியது.

பிலோமினா நீலப் பெயிண்டைச் சுரண்டினாள். அடியில் பச்சை வந்தது. “பாத்தியா, பட்டாளம்!” என்றது வண்டி. பச்சைக்கு அடியில் மஞ்சள் வந்தது. “அப்படின்னா தங்க நிறத்துல ஓடின ஜமீன் வண்டி,” என்றது.

யேசுராஜ் பானெட்டைத் திறந்து, கீழேயும் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இன்ஜின் ஜீப்போடது, கியர்பாக்ஸ் வேனோடது, கதவு ஏதோ காரோடது. கெடச்சதையெல்லாம் சேத்து சித்தப்பாவே கட்டியிருக்காருக்கா.”

“அப்போ நீ யாரு?” என்று வண்டியிடம் கேட்டது அணில்.

“நல்லதாப் போச்சு,” என்றாள் பிலோமினா. “எந்த ஸ்பேரை எங்க தேடணும்னு தெரிஞ்சிடுச்சே.”

மழைக்காலத்துக்குள் வண்டி ஓடத் தொடங்கியது. ஒருநாள் மேடு ஏறும்போது, பக்கத்தில் வந்த புதுக் கார் ஒன்று, “நீங்க எந்தக் கம்பெனி?” என்று கேட்டது.

“கொஞ்சம் ஒதுங்கு,” என்றது வண்டி. “இந்த மேட்டுல நின்னா மறுபடி கெளம்ப மாட்டேன்.”